மார்கழிப் பனியில் எடுத்த கும்பகோணம்: பனியைக் கலைக்காமல் படத்தைத் தேற்றுவது எப்படி?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மகாமகக் குளத்தின் கிழக்குக் கரையோரம் ஒரு லாட்ஜின் மொட்டை மாடி. மார்கழி மாதம், காலை 6.10 மணி. மேற்கே பார்த்து எடுத்திருக்கிறீர்கள். முன்னால் குளமும் கரை மண்டபங்களும், நடுவில் ஓட்டு வீடுகளும் தென்னையும், அதற்குப் பின்னால் பனிக்குள் சாரங்கபாணி கோயில் ராஜகோபுரம். நேரில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது, கம்ப்யூட்டரில் திறந்தால் சாம்பல் பூசியது போல இருந்தது என்கிறீர்கள். அதனால் படம் திருத்தும் மென்பொருளில் டீஹேஸை (மூட்டத்தைக் குறைக்கும் ஸ்லைடர்) 60 வரை ஏற்றி, கிளாரிட்டி (விளிம்புகளை எடுப்பாக்குவது) 40 வைத்து, குளிர்காலம் தெரியட்டும் என்று வைட் பேலன்ஸை (படத்தின் நிறம் நீலப் பக்கமா மஞ்சள் பக்கமா என்பதை மாற்றுவது) 3800க்கு இறக்கினீர்கள். இப்போது கோபுரம் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் படத்தில் உயிர் இல்லை. எங்கே தப்பு? இடது ஓரத்து டீக்கடை விளக்கை வெட்டிவிடலாமா? இவைதான் கேள்விகள்.

நீங்கள் அனுப்பிய ராவ் ஃபைலை (கேமரா பதிந்த மூலக் கோப்பு) திறந்து ஒரு முழு மாலை அதோடு உட்கார்ந்தேன். படம் நன்றாகவே விழுந்திருக்கிறது. கேமராவின் மேலும் குறை இல்லை, உங்கள் கண்ணின் மேலும் குறை இல்லை. பனியை அழுக்கு மாதிரி நினைத்துத் துடைத்தீர்கள், அங்கேதான் படம் போனது. இந்தப் படத்தில் தூரத்தைக் காட்டுவதே பனிதான். மண்டபம் கிட்டே இருக்கிறது, வீடுகள் அதற்கு அப்பால், கோபுரம் இன்னும் அப்பால் என்பதை நம் கண்ணுக்குச் சொல்வது அந்த வெளுப்பு மட்டுமே. டீஹேஸ் 60 போட்டதும் கோபுரம் நடந்து வந்து வீடுகளின் கூரை மேல் உட்கார்ந்துகொண்டது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரியும்.

பனி என்ன செய்கிறது என்று கொஞ்சம் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஐப்பசி கார்த்திகை மழையில் டெல்டா முழுக்க ஈரம் ஊறிக் கிடக்கிறது, வயலில் சம்பா நிற்கிறது, ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர். மார்கழியில் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. தரையை ஒட்டிய ஈரக் காற்று அதோடு குளிர்ந்து துளித்துளியாகிறது. அதனால் இந்தப் பனி உயரமாக நிற்காது, தாழ்வாகப் படுத்திருக்கும். உங்கள் படத்தில் கோபுரத்தின் அடி மறைந்து மேல் நிலைகள் ஓரளவு தெரிவது அதனால்தான். பதினோரு நிலைக் கோபுரம், 170 அடிக்கு மேல். கீழ் நிலைகள் பனிக்குள் கரைந்து, மேலே போகப்போக உருவம் கூடுகிறது. அந்த ஏற்றம் இந்தப் படத்தின் பெரிய சொத்து. டீஹேஸ் அதைச் சமப்படுத்திவிட்டது.

இன்னொன்று. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகவே சிதறடிக்கும். பனிக்கென்று தனி நிறம் கிடையாது. எந்த வெளிச்சம் அதன் மேல் விழுகிறதோ அந்த நிறம்தான் பனியின் நிறம். போகிப் புகையும் வைக்கோல் புகையும் அப்படி இல்லை. புகைத்துகள் மிகச் சிறியது, நீலத்தை அதிகம் சிதறடிக்கும், அதனால் இருட்டான பின்னணியில் புகை நீலம் பாய்ந்து தெரியும். போகியன்று எடுத்த படம் என்றால் டீஹேஸ் கொஞ்சம் போடச் சொல்லுவேன். இது சுத்தமான பனி, தேவையில்லை.

சரி, நேரில் பளிச்சென்று இருந்த பனி கேமராவில் ஏன் சாம்பலானது? கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பலாகவே கொண்டுவரப் பார்க்கும். காட்சியில் முக்கால்வாசி வெளிறிய பனியாக இருந்தால், அதையும் இழுத்து நடுவில் வைத்துவிடும். உங்கள் ராவில் 0 (கருப்பு) முதல் 255 (வெள்ளை) வரையிலான அளவில் வானம் 165 காட்டுகிறது. கோபுரம் 128க்கும் 150க்கும் நடுவில். ஓட்டுக் கூரைகள் 85. மண்டபத்தின் உள்ளிருட்டு 38. விளக்குகளைத் தவிர 170க்கு மேல் ஒன்றுமே இல்லை. சாம்பலாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்?

எனவே எல்லா ஸ்லைடரையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து ராவிலிருந்து திரும்ப ஆரம்பியுங்கள். முதலில் எக்ஸ்போஷரை, அதாவது மொத்த வெளிச்சத்தை, 0.7 ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பு). வானம் 205 பக்கம் வந்துவிடும். பனியின் வெள்ளை 200 முதல் 215 வரை இருந்தால் போதும், அதற்கு மேல் ஏற்றினால் காகிதத்தில் வெற்றிடமாக விழும். விளக்குகள் வெள்ளையாக வெடிக்காமல் இருக்க ஹைலைட்டை (வெளிச்சமான பகுதிகள்) 30 அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். விளக்கின் நடுப்புள்ளி வெள்ளையாகவே போகட்டும், அது விளக்குதானே. சுற்றியுள்ள மஞ்சள் வளையம் மட்டும் காப்பாற்றப்பட்டால் சரி.

பிளாக்ஸ் ஸ்லைடரைத் தொடாதீர்கள். இதைத்தான் எல்லோரும் தொடுகிறார்கள். ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) இடது சுவரைத் தொட வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பனிப் படத்தில் அது பொருந்தாது. பனிக்குள் உண்மையான கருப்பு நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் பொருளுக்கு மட்டும்தான் உண்டு. தூரம் போகப்போகக் கருப்பே வெளுத்துவிடும். மொத்தப் படத்துக்கும் கருப்பை இழுத்தால் கோபுரத்தின் மாடங்களும் கருப்பாகும், தூரம் செத்துப்போகும்.

அப்புறம் வருவதுதான் முக்கியமான வேலை. படத்தை மூன்று அடுக்காகப் பிரித்து, திருத்தம் அந்தந்தப் பகுதியில் மட்டும் படும்படி மாஸ்க் போடுங்கள்.

முதல் அடுக்கு குளமும் மண்டபங்களும். கீழேயிருந்து ஒரு லீனியர் கிரேடியன்ட், அதாவது மேலே போகப்போக மெல்ல மறையும் மாஸ்க். எக்ஸ்போஷர் 0.3 குறையுங்கள், கருப்பை இறக்குங்கள், மண்டபத்தின் உள்ளிருட்டு 15 பக்கம் வரட்டும். டீஹேஸ் இங்கே மட்டும் 10 போடலாம். தண்ணீர் மேல் மெல்லிய ஆவி எழுகிறதே, அது தரைப்பனியிலிருந்து வேறு. குளத்துத் தண்ணீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் எழுவது. அதன் மேல் மட்டும் பிரஷ் வைத்து இந்த மாஸ்க்கைக் கழித்துவிடுங்கள், அழுத்தினால் அழுக்குத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது அடுக்கு, நடுவில் இருக்கும் வீடுகள், தென்னைகள், தண்ணீர்த் தொட்டிகள், கேபிள் ஒயர்கள். இதில் ஒன்றும் செய்யாதீர்கள். இரண்டுக்கும் நடுவே ஓய்வாக ஓரிடம் வேண்டும்.

மூன்றாவது அடுக்கு கோபுரமும் அதன் பின்னால் இருக்கும் வானமும். நான் சொல்வது விசித்திரமாக இருக்கலாம்: இங்கே டீஹேஸை மைனஸ் 8 வையுங்கள். ஆமாம், பனியை இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். கிட்டே 10, தூரத்தில் மைனஸ் 8 என்று வைத்த உடனே நடுவில் அரை கிலோமீட்டர் திறந்துகொள்வதைப் பார்ப்பீர்கள். நேரில் உங்களுக்கு உடம்பு சிலிர்த்தது அந்த இடைவெளிக்குத்தான்.

கோபுரம் கரைந்து போய்விடாதா? மேல் நிலைகளுக்கு மட்டும் தனியாக ஒரு பிரஷ் எடுங்கள். பிரஷின் ஓட்டத்தை (ஃப்ளோ, ஒரு தடவலில் எவ்வளவு படும் என்பது) 15 சதவீதத்துக்கு வைத்து, கலசங்களிலிருந்து கீழே மூன்று நான்கு நிலை வரை லேசாகத் தடவுங்கள். கான்ட்ராஸ்ட் 12, டெக்ஸ்சர் (நுண்ணிய விவரம்) 10. கிளாரிட்டி வேண்டாம். கிளாரிட்டி விளிம்புகளில் மாறுபாட்டை ஏற்றும். வெளிறிய வானத்தை ஒட்டிய கோபுர விளிம்பில் அது ஒரு வெள்ளைக் கோட்டை வரைந்துவிடும். நீங்கள் திருத்திய படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கோபுரத்தின் வலது விளிம்பைப் பாருங்கள். சுண்ணாம்பில் கோடு இழுத்த மாதிரி இருக்கிறது. எந்தப் பனியும் அப்படிக் கோடு போடாது.

இன்னொரு நுணுக்கம், இது எனக்கு மிகவும் பிடித்தது. மார்கழியில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை, ஏறக்குறைய 24 டிகிரி தெற்கே தள்ளித்தான் உதிக்கும். நீங்கள் மேற்கே பார்த்து நின்றிருக்கிறீர்கள், தெற்கு உங்கள் இடது கை. கோபுரமோ கிழக்கு பார்த்தது. அதனால் சூரியன் எழுவதற்கு முந்தைய வெளிச்சம்கூடக் கோபுரத்தின் முகத்தில் இடப்பக்கமிருந்து ஒரு சாயலாக விழுகிறது. ராவிலேயே தெரிகிறது, சுதைச் சிற்பங்களின் இடது ஓரம் வலதைவிட நாலைந்து புள்ளி கூடுதல். கோபுரத்தை எடுப்பாக்க நினைத்தால் அந்த இடது ஓரங்களைச் சிறிய பிரஷால் 0.15 ஏற்றுங்கள். வலது பக்கம் கை வைக்காதீர்கள். பார்ப்பவர்கள் காரணம் சொல்ல மாட்டார்கள், ஆனால் கோபுரத்துக்கு உருட்சி வந்துவிடும்.

இனி நிறம். 3800 கெல்வினுக்கு இறக்கியதும் படம் முழுக்க நீலமாகிவிட்டது. பனி பெய்யும் தேசத்துக் காலண்டர்களில் அப்படிப் பார்த்துப் பழகிவிட்டோம். அங்கே தரையெல்லாம் வெள்ளை, நிழலெல்லாம் நீலம், அது அந்த ஊருக்குப் பொருந்தும். நம் ஊர் மார்கழியில் விடியற்காலை இருபது டிகிரி பக்கம் வந்தாலே போர்வையைத் தேடுகிறோம். நம் குளிர் விறைக்கிற குளிர் அல்ல, ஈரக் குளிர். காபியின் சூடும் அடுப்பின் வெளிச்சமும் பக்கத்திலேயே இருக்கும் குளிர். அதை நீலம் பூசிக் காட்ட முடியாது. இளஞ்சூட்டின் பக்கத்தில் வைத்தால்தான் அது குளிராகத் தெரியும்.

வைட் பேலன்ஸை 5200க்கு ஏற்றுங்கள். விடியலுக்கு முந்தைய வானம் இயல்பாகவே நீலம் தூக்கலானது; 5200இலும் வானம் மெல்லிய நீலச் சாம்பலாகத்தான் நிற்கும். எல்இடி தெருவிளக்குகள் வெள்ளையாக இருக்கும். குளத்தின் தென்கரையில் பழைய சோடியம் விளக்கு ஒன்று தெரிகிறதே, அது 2000 கெல்வினைச் சேர்ந்தது, ஆரஞ்சாக எரியும். அதைச் சரிசெய்ய முயலாதீர்கள், அதன் ஒளியில் மஞ்சளைத் தவிர மற்ற நிறங்கள் மிகக் குறைவு, இழுத்தால் சேறாகும். அப்படியே விடுங்கள், அழகாகத்தான் இருக்கிறது.

உங்கள் திருத்தத்தில் கோபுரத்துக்குப் பின்னால் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டை வந்து, அது என்ன கோளாறு என்று கேட்டிருந்தீர்கள். அது கோளாறு இல்லை. சூரிய உதயத்துக்கு முன் மேற்கு வானத்தின் அடியில் பூமியின் நிழல் நீலச் சாம்பலாகத் தெரியும். அதற்கு மேல் மெல்லிய ரோஜா நிறத்தில் ஒரு பட்டை நிற்கும். கும்பகோணத்தில் அந்த நாட்களில் சூரியன் ஆறரை மணியை ஒட்டி உதிக்கிறது, நீங்கள் எடுத்த 6.10 அதற்குச் சரியான நேரம். கீழே பனி தாழ்வாக இருந்ததால் மேலே அது தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் கிடைக்காது. டீஹேஸ் அந்த ரோஜாவைப் பிடித்து இழுத்துக் கத்தரிப்பூவாக்கிவிட்டது. புதிய திருத்தத்தில் அது தானாகவே மெலிந்து வரும். வேண்டுமானால் மெஜன்டா நிறத்தின் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தி) மட்டும் 10 குறையுங்கள். முழுக்கப் போக்கிவிடாதீர்கள்.

இப்போது டீக்கடை. வெட்டாதீர்கள், தயவுசெய்து.

இடது கீழ் மூலையை இருநூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். தகரக் கொட்டகையின் கீழே ஒற்றைக் குண்டு பல்பு. பாய்லரிலிருந்து ஆவி எழுந்து அந்த பல்பைத் தாண்டும்போது மட்டும் பொன்னிறமாகிறது, அதற்கு மேலே போனதும் பனியோடு கலந்து சாம்பலாகிறது. பக்கத்தில் ஒருவர் குரங்குக் குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டு, இரண்டு கைகளாலும் கிளாஸைப் பொத்திப் பிடித்திருக்கிறார். மொத்தப் படத்திலும் சூடான இடம் அது ஒன்றுதான். ராஜகோபுரம் வலது மேலே இருக்கிறது, இந்த பல்பு இடது கீழே. கண் இங்கே தொடங்கி, மண்டபங்களின் வரிசையில் ஏறி, கோபுரத்தில் போய் நிற்கிறது. அதை வெட்டினால் கண்ணுக்கு உள்ளே நுழைய வழி இல்லை.

அந்த இடத்தில் ஒரு சிறிய வட்ட மாஸ்க் வையுங்கள். வெப்பநிலையை 8 மட்டும் மஞ்சள் பக்கம் தள்ளுங்கள், ஷேடோவை (இருட்டான பகுதிகள்) 15 ஏற்றுங்கள். அவர் முகம் தெளிவாகத் தெரிய வேண்டாம், அந்தக் கைகள் தெரிந்தால் போதும். கடைக்குப் பக்கத்தில் பச்சையும் சிவப்புமாக ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் துருத்திக்கொண்டிருக்கிறது. அதன் சாச்சுரேஷனை 50 குறைத்து, வெளிச்சத்தை அரை ஸ்டாப் இறக்குங்கள். அழிக்க வேண்டியதில்லை. ஒயரையும் செல்போன் டவரையும் அழித்துவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் அழிப்பதில்லை. சென்சாரில் விழுந்த தூசிப் புள்ளிகளை மட்டும் எடுப்பேன், வானத்தில் மூன்று இருக்கின்றன. ஊர் எப்படி இருக்கிறதோ அப்படியே படத்தில் இருக்கட்டும். ஐம்பது வருடம் கழித்துப் பார்ப்பவர்களுக்கு அந்த ஒயர்களும் ஒரு தகவல்.

கோபுரம் பின்னால் சாய்ந்த மாதிரி இருப்பதை நிமிர்த்த வேண்டும். கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்து பிடித்ததால் வருவது. இதில் ஒரு பொறி இருக்கிறது. கோபுரத்தின் விளிம்பை வைத்துச் செங்குத்தாக்க முயன்றால் படமே கெடும், ஏனென்றால் கோபுரம் இயல்பிலேயே மேலே குறுகிப் போவது. மண்டபத் தூண்களையும் விளக்குக் கம்பங்களையும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அவை நேரானதும், கோபுரத்தின் இரண்டு விளிம்புகளும் ஒரே அளவு உள்வாங்குகின்றனவா என்று மட்டும் சரிபாருங்கள். திருத்தத்தை முழுதாக நூறு சதவீதம் செய்யாமல் எண்பதில் நிறுத்துங்கள். அண்ணாந்து பார்க்கும் உணர்வு கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் உயரம் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் படத்தைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். மூன்று அடுக்கும் மூன்று சாம்பலாகத் தனித்தனியே தெரிந்தால் சரி, ஒன்றோடொன்று ஒட்டினால் மாஸ்க்குக்குத் திரும்புங்கள். பிறகு நிறத்துக்கு மாற்றிவிட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். கண் எந்த நிறத்துக்கும் பத்து நிமிடத்தில் பழகிவிடும், காலையில்தான் உண்மை தெரியும்.

பனிப் படங்களுக்கே உரிய ஒரு ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். பல வருடம் முன்பு தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தை இதே போன்ற பனியில் எடுத்திருந்தேன். 216 அடிக் கருங்கல், பாதிக்கு மேல் பனிக்குள். நான்கு நாள் உட்கார்ந்து ஜேபெக்கிலேயே திருத்தி, பெரிய அளவில் அச்சுக்குக் கொடுத்தேன். வந்த பிரிண்டில் வானம் முழுக்க வெங்காயத்தோல் மாதிரி வளையம் வளையமாக இருந்தது. திரையில் அவ்வளவாகத் தெரியாதது காகிதத்தில் முகத்தில் அடித்தது. காரணம் எளிது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். பனி வானம் அதில் முப்பது நாற்பது படிகளுக்குள் அடங்கிவிடும். அதைப் பிடித்து இழுத்தால் படிகள் விலகிப் பட்டை பட்டையாகத் தெரியும். 14 பிட் ராவில் 16,384 படிகள், இழுத்தாலும் இடைவெளி விழாது. அதனால் கடைசி வரை ராவிலும் 16 பிட் டிஃப் (TIFF) கோப்பிலும் வேலை செய்யுங்கள். முடிவில் கிரெய்ன் 10 அல்லது 12 சேருங்கள். அந்த மெல்லிய பொடி, படிகளின் எல்லையைக் கலைத்துவிடும். நாய்ஸ் ரிடக்ஷனைப் போட்டு வானத்தை வழவழப்பாக்கினால் வளையம் திரும்ப வரும், ஜாக்கிரதை.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் இதே சிக்கல், அது இன்னும் நசுக்கும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

பிரிண்ட் போட எண்ணம் இருந்தால், உங்கள் கேமரா 24 மெகாபிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 20க்கு 13 அங்குலம் வரை தாராளமாகப் போகலாம், சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கு 30க்கு 20 கூடத் தாங்கும். மேட் காகிதம் கேளுங்கள். பளபளப்புக் காகிதத்தில் கருப்பு ஆழமாக விழும், பனிக்கு அது தேவையில்லை, எதிரொளி வேறு. பெரிதாகப் போடும் முன் கோபுரமும் வானமும் சேர்ந்த ஒரு துண்டை மட்டும் சிறிய அளவில் அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

மார்கழி முடிய இன்னும் நாள் இருக்கிறது, அதே மாடிக்குத் திரும்பப் போவீர்கள் என்று நினைக்கிறேன். வெளியைவிடக் குளிராக இருக்கும் ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக மாடிக்கு எடுத்துப் போகாதீர்கள், லென்ஸில் ஈரம் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள். முன்னால் இருக்கும் மண்டபம்கூட மங்கலாக விழுந்தால் அது லென்ஸ் ஈரம். தூரம் மட்டும் மங்கினால் அது பனி. எக்ஸ்போஷரை முதலிலேயே 0.7 கூட்டி வையுங்கள். முக்காலியில் நிறுத்தி, விளக்குகளுக்காக ஒரு ஸ்டாப் குறைத்தும் இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 6.10க்கு எடுத்ததும் இறங்கி வந்துவிடாமல் 6.50 வரை நில்லுங்கள். சூரியன் எழுந்து கொஞ்ச நேரத்தில் கலசங்களில் மட்டும் வெயில் படும், கீழே ஊர் இன்னும் பனிக்குள் இருக்கும், டீக்கடையில் பல்பை அணைத்திருக்க மாட்டார்கள்.